விலை ஏறுறது பத்தியும், "பேரல்ல ஈயம் ஒட்டுது"ங்கிற பேச்சு பத்தியும்

எல்லாருக்கும் வணக்கம்.

அமெரிக்கால வீட்டுலயே தோட்டா லோடு பண்றவங்களுக்கு ஈயத்த உருக்கி புல்லட்டு ஊத்திக் குடுக்கற கடை நம்மளோடது. வழக்கமா நம்மகிட்டருந்து ஸ்டாக் லிஸ்ட் மட்டும்தான் வரும், இப்படி நீளமா எழுதுற பழக்கம் இல்ல. ஆனா கொஞ்ச நாளா போன் எடுத்தா மூணு கேள்விதான். ஏன் விலை ஏத்துறீங்க, .45 ஏன் லேட்டாகுது, அப்புறம் கொஞ்சம் தயங்கிட்டு, "அண்ணே, உங்க புல்லட்டு இப்போ சாஃப்ட்டாயிடுச்சாமே, பேரல் பூரா ஈயமா அப்புதாமே"ன்னு. ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு எல்லாருக்கும் சேத்தே சொல்லிடறேன்.

முதல்ல விலை. நம்ம .44, .45 ரிவால்வர் புல்லட்டு எல்லாமே 92-6-2 கலவைன்னு உங்களுக்குத் தெரியும், நூத்துக்கு 92 ஈயம், 6 ஆண்டிமனி, 2 வெள்ளீயம். ஈயத்த இறுக வைக்கறது ஆண்டிமனி, மோல்டுக்குள்ள, அதாவது ஊத்துற அச்சுக்குள்ள, மூலை முடுக்கெல்லாம் போய் நெறைய வைக்கறது வெள்ளீயம். ஆண்டிமனில பெரும்பங்கு சைனாலருந்துதான் வந்துட்டு இருந்துது. 2024 செப்டம்பர்ல ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டாங்க, டிசம்பர்ல அமெரிக்காவுக்கு அனுப்பவே கூடாதுன்னுட்டாங்க, அந்த ஒரு வருஷத்துலயே உலக மார்க்கெட்ல விலை மூணு மடங்குக்கு மேல போயிடுச்சு. 2025 நவம்பர்ல தடைய தற்காலிகமா நிறுத்தி வெச்சாங்க, ஆனா நாம வாங்குற எடத்துல பழைய விலை திரும்பி வரல. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல இடாஹோ ஸ்டிப்னைட்ல இங்கயே தோண்டி எடுத்தாங்க, அத மறுபடி தொறக்கற வேலை நடக்குது, அதுலருந்து ஈயம் உருக்கற நம்ம பானைக்கு வந்து சேர இன்னும் வருஷக்கணக்காகும்.

ஈயத்தோட கதையும் இதான். மிசோரி ஹெர்குலேனியத்துல தாதுலருந்து ஈயம் எடுத்துட்டு இருந்த கடைசி உருக்காலை 2013 முடிவுல மூடினதுக்கப்புறம் இந்த நாட்டுல உருக்கறதெல்லாம் பழைய பேட்டரி மாதிரி ஸ்க்ராப்லருந்துதான். டயர் கடைல வீல் வெயிட்ட (சக்கரம் ஆடாம இருக்க மாட்டற ஈயத் துண்டு) பக்கெட் பக்கெட்டா சும்மா குடுத்த காலம் போயாச்சு, இப்போ பாதிக்கு மேல ஸிங்க்கும் இரும்பும். ஸிங்க் கொஞ்சம் பானைல கரைஞ்சாலே உருக்கினது கஞ்சியாட்டம் ஆயி மோல்டுல சரியா நெறையாது. அதனால நாங்க ஸ்க்ராப் தொடறதே இல்ல, சர்ட்டிஃபிகேட்டோட வர்ற கட்டி மட்டும்தான் வாங்குறோம், அதுக்கு ஆகுற செலவு ஆகத்தான் செய்யும். இதெல்லாம் கூட்டிக் கழிச்சுப் பாத்துதான் பெட்டிக்கு 6 டாலர் ஏத்துறோம், புதுப் பெட்டில 400 இருக்கும்.

அடுத்து, புல்லட்டு ஊத்துற மெஷின்ல நின்ன தம்பி, அவரோட மனைவிக்கு வேலை மாறினதால, வேற ஸ்டேட்டுக்குப் போயிட்டார். நல்ல கைக்காரர். விழுற புல்லட்ட ஒரு நொடி பாத்தே மோல்டு சூடு ஏறிடுச்சா இறங்கிடுச்சான்னு சொல்லிடுவார். மேல பனி படிஞ்சாப்ல வெளுத்து வந்தா சூடு கூட, சுருக்கம் விழுந்தா சூடு பத்தல. முக்கியமா அடிப்பாகத்து விளிம்பு. அந்த விளிம்பு கத்தி மாதிரி கூரா இருக்கணும், ஒரு பக்கம் லேசா மழுங்கினா கூட பேரல விட்டு வெளிய வர்ற அந்த நிமிஷத்துல பவுடர் எரிஞ்ச வாயு ஒரு பக்கமா தள்ளி குறி போயிடும். வெளுத்தது பரவால்ல, சுடும். விளிம்பு போனது திரும்ப பானைக்கே போவும். இப்போ அந்தத் தரம் பிரிக்கற வேலைய நானே உக்காந்து பண்றேன், அதான் லேட்டு. .45ல .454 சைஸ் (புல்லட்டோட குறுக்களவு, அங்குலத்துல) கொஞ்ச நாளைக்கு கிடையாது, .452 மட்டும் வரும்.

இப்போ அந்தப் பேச்சுக்கு வரேன். இதுதான் எனக்கு ராத்திரி தூக்கம் வராம பண்ணினது.

ஒரு வாடிக்கையாளர், பேர் வேண்டாம், நம்ம 250 கிரெய்ன் எடை கீத் புல்லட்ட .44 மேக்னம்ங்கிற வேகம் கூடின ரிவால்வர் தோட்டால லோடு பண்ணி ரேஞ்சுக்குப் போயிருக்கார். ரெண்டு சிலிண்டர் சுட்டதும் குறி சிதற ஆரம்பிச்சிருக்கு, வீட்டுக்கு வந்து பேரலுக்குள்ள லைட் அடிச்சுப் பாத்தா ரைஃப்ளிங் (உள்ள இருக்கற சுருள் பள்ளம்) ஓரமா வெள்ளி ரிப்பன் மாதிரி ஈயம். "ஆண்டிமனி விலை ஏறிடுச்சுல்ல, மிச்சம் புடிக்கறாங்க, சாஃப்ட்டா ஊத்துறாங்க"ன்னு அவரா முடிவு பண்ணி நாலு பேர்கிட்ட சொல்லி, அது நாப்பது பேருக்குப் போயிடுச்சு. நண்பர்களே, கலவை மாறவே இல்ல. ஒவ்வொரு பானைக்கும் ஹார்ட்னஸ் டெஸ்ட் பண்றோம், பிரினெல்ங்கிற இறுக்க அளவுல 15, 16 வருது, முன்னயும் அதான் வந்துது. யார் வேணா கடைக்கு வந்து நீங்களே டெஸ்டர வெச்சு அமுக்கிப் பாக்கலாம்.

சாஃப்ட்டா இருந்தா ஈயம் ஒட்டும்ங்கிறதே முழு உண்மை இல்ல. 1955ல .44 மேக்னம் வர்றதுக்கே காரணமா இருந்த, இந்த கீத் புல்லட்டு வடிவத்துக்கும் சொந்தக்காரரான எல்மர் கீத், பதினாறு பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் கலந்துதான் ஊத்தினார். அது நம்மளோடத விட நல்லா சாஃப்ட்டு. அதெப்படி ஓடுச்சு? சைஸ் சரியா இருந்துது.

ரிவால்வர்ல புல்லட்டு முதல்ல தாண்டறது சிலிண்டரோட த்ரோட்ட (ஒவ்வொரு அறையோட முன்பக்கத்து வாய்), அப்புறம்தான் பேரல். புல்லட்டு த்ரோட்ட விட சின்னதா இருந்தா, குக்கர்ல கேஸ்கட் தேஞ்சா ஆவி ஓரமா பீச்சுமே அது மாதிரி சூடான வாயு பக்கவாட்டுல பீச்சிக்கிட்டுப் போவும், போறப்போ ஈயத்த அறுத்துக் கொண்டு போய் பேரல்ல பூசும். பழைய .44 சிலதுல த்ரோட் .432, .433 கூட இருக்கும், அதுல .430 போட்டா எவ்ளோ இறுகின புல்லட்டா இருந்தாலும் ஒட்டும். இதுக்கு நேர்மாறா சில .45 கோல்ட் ரிவால்வர்ல த்ரோட் .450, .451ன்னு டைட்டா வரும், நம்ம .452 அதுல நுழையறப்பவே சிறுத்துப் போயி பேரல்ல லூசாயிடும். அதுக்கு த்ரோட்ட ரீம் பண்ணணும், அதாவது குடைஞ்சு பெருசாக்கணும், புல்லட்ட திட்டி பிரயோஜனம் இல்ல. எங்க ஒட்டியிருக்குன்னு பாருங்க, அதுவே பாதி பதில் சொல்லிடும். சிலிண்டர ஒட்டின பக்கம் ஒட்டியிருந்தா சைஸ் பிரச்சனை. பேரல் வாய்ப் பக்கம் ஒட்டியிருந்தா லூப் (புல்லட்டு மேல பூசற மசகு) பாதி வழில தீந்துபோச்சு.

அந்த வாடிக்கையாளர்கிட்ட நானே போன் பண்ணி, லோடு பண்ணின ரவுண்டு ஒண்ண சுத்தியல் புல்லர்ல தட்டி புல்லட்ட வெளிய எடுத்து மைக்ரோமீட்டர்ல அளந்து பாருங்கன்னு கேட்டேன். பெட்டில இருந்தது .430, கேஸுக்குள்ளருந்து (தோட்டாவோட பித்தளைக் குப்பி) வந்தது .427. கடைசில கிரிம்ப் பண்றதுக்குன்னு, அதாவது கேஸ் வாய புல்லட்டு மேல மடிச்சு இறுக்கறதுக்குன்னு, ஒரு டை (அமுக்கற அச்சு) வெச்சிருந்தார், அதுக்குள்ள கார்பைடு வளையம் ஒண்ணு இருக்கு, அது ரவுண்டு முழுசையும் வெளிலருந்து அமுக்கும். செம்பு ஜாக்கெட் போட்ட புல்லட்டுக்கு அது தேவலாம், நாம ஊத்துற மாதிரி காஸ்ட் புல்லட்ட உள்ளயே நசுக்கி சின்னதாக்கிடும். சாதாரண ரோல் கிரிம்ப் டைக்கு மாறி, கேஸ் வாயையும் காஸ்ட் புல்லட்டுக்கு ஏத்த எக்ஸ்பாண்டர் போட்டு தொறந்து லோடு பண்ணச் சொன்னேன். இப்போ பேரல் துணி போட்டு ஒரு தடவ இழுத்தாலே சுத்தமாயிடுதுன்னு அவரே சொல்றார். முன்னாடி சொன்னது போன அளவுக்கு இது போய்ச் சேரல, அதுதான் எனக்கு வருத்தம்.

அதனால தயவுசெஞ்சு ஆர்டர் போடறதுக்கு முன்னாடி த்ரோட்ட அளங்க. கன் காலியா இருக்கான்னு ரெண்டு தடவ பாத்துட்டு, சிலிண்டர தனியா கழட்டி, சாஃப்ட் ஈயத் துண்டு ஒண்ணுல எண்ணெய் தடவி ஒவ்வொரு அறையிலயும் தட்டி எடுத்து அளந்து நம்பர மட்டும் சொல்லுங்க, ஆறும் ஒண்ணு போல இருக்கும்னு நெனைக்காதீங்க. .430 வேணுமா .431 வேணுமான்னு நான் சொல்றேன், ரெண்டும் ஒரே விலைதான்.

பவுடர் எவ்ளோ போடணும்னு போன்ல கேக்கறவங்களுக்கு, கோச்சுக்காதீங்க, நான் சொல்ல மாட்டேன். உங்க புல்லட்டு எடைக்கு அச்சுல வந்த மேனுவல்ல பாருங்க, ஆரம்ப அளவுலருந்து கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. .44 மேக்னம் தாங்கற அழுத்தம் 36,000 பி.எஸ்.ஐ., சாதா .45 கோல்ட் வெறும் 14,000. 1873ல வந்த கேஸ் அது, கரும்பவுடருக்காக பெருசா செஞ்சது, வேகமா எரியற பவுடர் ரெண்டு தடவ விழுந்தா கூட உள்ள எடம் மிச்சம் இருக்கும், அதனால புல்லட்டு வைக்கறதுக்கு முன்ன ஒவ்வொரு கேஸுக்குள்ளயும் லைட் அடிச்சுப் பாருங்க. மேனுவல்ல தனியா "வலுவான ரிவால்வருக்கு மட்டும்"னு போட்டிருக்கற பக்கத்த பழைய கோல்ட் வெச்சிருக்கறவங்க தொறக்கவே வேண்டாம். ஹெச்110 மாதிரி மெதுவா எரியற பவுடர அவங்க சொன்ன அளவுக்குக் கீழ கொறைக்கவும் கூடாது. கைய நல்லா கழுவிட்டு சாப்பிடுங்க, ஈயம் ஈயம்தான்.

பவுடர பத்த வைக்கற பிரைமர் கிடைக்காம எல்லாரும் கஷ்டப்பட்ட 2020, 21லயும் "பிரைமர் வந்ததும் சுட்டுக்கறேன், புல்லட்ட அனுப்பி வையிங்க"ன்னு பணம் கட்டி கடைய ஓட வெச்சது நீங்கதான். டெக்சஸ்ல பன்னி வேட்டைக்குப் போறவங்க, அலாஸ்கால ஆத்துல மீன் புடிக்கப் போறப்போ கரடிக்காக இடுப்புல .44 கட்டிக்கிட்டுப் போறவங்க, சனிக்கிழமை ரேஞ்சுல இரும்புத் தட்டு சுடறவங்க, எல்லாரையும் குரல வெச்சே எனக்குத் தெரியும். இந்தப் பேச்சு வந்தப்புறமும் ஒரு வார்த்தை கேக்காம வழக்கம்போல ஆர்டர் போட்டவங்களும் இருக்கீங்க. ரொம்ப ரொம்ப நன்றி, மனசாரச் சொல்றேன்.

இந்த மாசக் கடைசிக்குள்ள பணம் கட்டினவங்களுக்கு பழைய விலையே. .454க்கு முன்பணம் குடுத்தவங்க .452 வேணுமா, பணம் திருப்பி வேணுமான்னு ஒரு வரி எழுதிப் போடுங்க, எதுவா இருந்தாலும் அந்த வாரமே அனுப்பிடறேன். நம்ம புல்லட்டால யாருக்காவது ஈயம் ஒட்டுச்சுன்னா ஊர்ல சொல்றதுக்கு முன்ன எனக்கு ஒரு போன் போடுங்க, சாயந்தரம் ஆறு மணிக்கு மேல பானைய அணைச்சிடுவேன், எவ்ளோ நேரம் வேணாலும் பேசலாம்.

அன்போட,
கடைக்காரர்