பெட்டியில் வராத அஸ்திவாரம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போட்டுவிடு.

இந்த வாரம் முழுக்க எனக்கு அவர் நினைவுதான். இங்கே டொராண்டோவில் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் போடுகிறேன். சைக்கிள், மண்வெட்டி, பனி தள்ளும் மெஷின் எல்லாம் வைக்க. 8க்கு 10 அடி. பலகைகளை அளவாக அறுத்துப் பெட்டியில் அனுப்பிவிடுகிறார்கள், நாம் பூட்ட வேண்டியதுதான். அஸ்திவாரம் மட்டும் பெட்டியில் வராது.

பழைய ஷெட்டைப் புல்தரையிலேயே வைத்திருந்தேன். இரண்டே குளிர்காலத்தில் ஒரு மூலை தூக்கிக்கொண்டு கதவு மூட மறுத்தது. மண்ணில் தங்கிய தண்ணீர் உறைந்து உப்பி, மேலே இருப்பதைத் தூக்கிவிடுகிறது. அதனால்தான் இங்கே வீட்டுக்கு 4 அடி ஆழம் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுகிறார்கள். சின்ன ஷெட்டுக்கு அவ்வளவு வேண்டாம். தண்ணீர் நிற்காமல் வடிந்தால் போதும்.

முதலில் கேஸ் குழாய் போகும் இடத்தைக் குறித்துத் தரச் சொன்னேன். பிறகு சுற்றிலும் ஓரடி கூட்டி, 10க்கு 12 அடியில் புல்லைச் செதுக்கி 6 அங்குலம் பறித்தேன். ஜல்லி மண்ணில் புதையாமல் இருக்கத் துணி விரித்து, பொடி கலக்காத முக்கால் அங்குல ஜல்லி ஏறக்குறைய 3 டன் கொட்டினோம். எல்லாம் நானும் மகனும் தள்ளுவண்டியில் அடித்ததுதான். ஜல்லியை இடித்து இறுக்க, திம்மிசுக்குப் பதில் வாடகை மெஷின். அதன் மேல் மருந்தேற்றிய மரத்தில் சட்டம்.

முளை அடித்து நூல் கட்டும்போதுதான் அப்பாவின் குரல் கேட்டது: மூணு, நாலு, அஞ்சு. ஒரு பக்கம் மூணடி, மறுபக்கம் நாலடி குறித்து, குறுக்கே அஞ்சடி வந்தால் மூலை சரி மட்டம். உங்கள் திண்ணை கட்டியபோது நூலின் மறுமுனையைப் பிடித்தவன் நான்தானே! சட்டத்தின் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் 12 அடி 9¾ அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வர வேண்டும். ஓர் அங்குலம் பிசகியது. பிரித்து மறுபடி போட்டேன். செங்கல் சுவர் என்றால் பூச்சில் சரிக்கட்டலாம். அறுத்து வந்த பலகையில் அது நடக்காது, கூரையில் போய் இடிக்கும்.

சனிக்கிழமை சுவர் ஏற்றலாம் என்றிருக்கிறேன். ஒரு மழை பார்த்துவிட்டு, மட்டத்தை மறுபடி சரிபார்த்து ஏற்றுவது நல்லதா? அப்பாவிடம் கேட்டு எழுது. போட்டோ அனுப்பியிருக்கிறேன். டாக்டர் சரி என்றதும் பெரிதாக்கி அவருக்குக் காட்டு.

அன்புடன்,
ரவி