வியர்வை பயிற்சிக்கு அளவுகோல் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களில், காவலர் தேர்வுக்காக விடியற்காலையில் ஓடிப் பழகும் இளைஞர்களுள் சிலர், சட்டைக்கு மேல் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஓடுவதைக் கண்டு இதை எழுதுகிறேன். வேர்த்துக் கொட்டினால்தான் பயிற்சி பலிக்கும், கொழுப்பும் கரையும் என்பது அவர்களது நம்பிக்கை. உடற்கல்வி ஆசிரியராக இருந்த காலத்தில், வேர்க்காத பையனைச் சோம்பேறி என்று நானும் கடிந்ததுண்டு.

வியர்வை சுரப்பதால் மட்டும் உடல் குளிர்வதில்லை; அது தோலின் மீது ஆவியாகும்போதுதான் குளிர்கிறது. 1 லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பம் உடலை விட்டு நீங்கும். சொட்டித் தரையில் விழுவதாலோ நீரும் உப்பும் வீணாவதுதான் மிச்சம். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்றில் 5 கிலோமீட்டர் ஓடியவனின் சட்டை பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும். அதே பையன் ஆனி மாதத்தில், மழை விட்ட புழுக்கத்தில், அதே தூரத்தை அதே வேகத்தில் ஓடினால் தொப்பலாக நனைந்து திரும்புவான். உழைப்பு ஒன்றுதான், மாறியது காற்றின் ஈரப்பதம். மழைக்கோட்டு அணிபவரோ அந்தப் புழுக்கத்தைத் தம் உடம்போடு கட்டிக்கொண்டு ஓடுகிறார். அவருக்குக் குறையும் எடை நீரின் எடையே. தண்ணீர் குடித்ததும் அது திரும்பிவிடும்.

ஆளுக்கு ஆளும் வியர்வை வேறுபடும். பருத்த உடலினருக்கு மிகுதியாக வேர்ப்பது போலவே, நன்கு தேர்ந்த ஓட்டக்காரருக்கும் விரைவாகவும் மிகுதியாகவும் வேர்க்கும் என்பதைப் பலர் அறிவதில்லை. வெயிலுக்குப் பழகாதவர் இரண்டு வாரம் படிப்படியாகப் பயின்றால், வியர்வை முன்னதாகவே தொடங்குவதோடு, அதில் கரைந்து போகும் உப்பின் செறிவும் குறையும். பொதுவாகப் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகவே வேர்க்கும், முதுமையிலும் அப்படியே. ஆகவே பக்கத்தில் ஓடுபவரின் சட்டையைப் பார்த்துத் தம் பயிற்சியை எடைபோடுவது வீண். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ 1 லிட்டர் நீரிழப்பு என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

தங்கள் நாளிதழின் வானிலைப் பகுதியில், வெப்பநிலையோடு காலை 6 மணியின் ஈரப்பதத்தையும் நாள்தோறும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கொழிஞ்சாம்பாறை.