தலை கவிழாத கிதார்

எல்லாருக்கும் வணக்கமுங்க.

கோபி, பவானி, பெருந்துறைப் பக்கம் நோம்பிக் (ஊர்த் திருவிழா) கச்சேரி கேட்டவர்கள் என்னைப் பார்த்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். ட்ரம்ஸுக்குப் பக்கத்தில், லைட் விழாத மூலையில் நின்று பாட்டுக்கு அடிக்குரல் போடுகிற பேஸ் கிதார்காரன் நான். 26 வருஷமாக அதுதான் என் இடம். "ஏனுங் தம்பி, நாலு கம்பிதான் இருக்குது, மிச்சம் ரெண்டு அறுந்துபோச்சுங்களா?" என்று மேடையோரம் வந்து அக்கறையாக விசாரித்த அப்புச்சிகளுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

முதல் நன்றி ஈரோட்டு சர்ச் கொயர் அண்ணாவுக்கு. தன் பேஸை இரவல் கொடுத்ததோடு, கேட்கவும் கற்றுக்கொடுத்தவர். வீட்டு டேப் ரெக்கார்டரின் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் எங்கே கேட்கும்? "டேப்பை மர பீரோ மேல வெச்சுட்டு, கதவுல காதை ஒட்டிக் கேளு கண்ணு" என்றார். இளையராஜா பாட்டுகளில் சசிதரன் வாசித்த பேஸை அப்படித்தான் பாடம் பண்ணினேன். பாட்டு மேலே ஒரு வழி போக, பேஸ் கீழே தனித் தடம் போட்டுப் போய், பல்லவி திரும்புகிற இடத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். இன்றைக்கும் பாச்சா உருண்டை வாசம் வந்தால் எனக்கு அந்தப் பேஸ் கேட்கிறது.

அப்புறம் அஞ்சு கம்பி மோகம் பிடித்தது. கடன் வாங்கி வாங்கினேன். அந்த அடிக்கம்பி 31 ஹெர்ட்ஸில் அதிரும். நோம்பிக்குக் கட்டுகிற பாக்ஸில் அது ஸ்வரமாக வராது, லாரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி உறுமும். கனம் 5 கிலோவுக்குப் பக்கம். கையை எடுத்தால் தலை தரையைப் பார்க்கும். இடது கை பாதி நேரம் வாசிக்கும், பாதி நேரம் தூக்கிப் பிடிக்கும். போதாக்குறைக்கு உள்ளே 9 வோல்ட் பேட்டரி. கேபிளைப் பிடுங்க மறந்தால் அது தானே தீர்ந்துபோகும். ஒரு மார்கழி ராத்திரி, பாட்டு நடுவிலேயே தீர்ந்தது. சவுண்டு சர்வீஸ் அண்ணா ஓடிவந்து, தன் கார்ட்லெஸ் மைக்கின் பேட்டரியைக் கழற்றிக் கொடுத்தார். பாடகி அக்கா மீதிக் கச்சேரி முழுக்க இன்னொருவர் மைக்கில் ஒண்டிப் பாடினார். ரெண்டு பேருக்கும் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய நன்றி இது.

அதற்கடுத்த வருஷம், "கீபோர்டுலயே இடது கையில பேஸ் வாசிச்சுக்கலாம்" என்று ஒரு குழு என்னை நிறுத்திவிட்டது. எட்டு மாசம் திருப்பூரில் பனியன் கம்பெனி செக்கிங்கில் இருந்தேன். அஞ்சு கம்பியை விற்றேன். அழவில்லை.

விட்டுத் தொலைத்தேன் என்றிருந்தவனைக் கூப்பிட்டு, கோவையில் ஓய்வு பெற்ற கிதார் வாத்தியார் ஒருவர் தன் பழைய நாலு கம்பியைக் கொடுத்தார். பிரிசிஷன் மாடல், பேட்டரி இல்லாதது. ஆனால் கம்பியின் அதிர்வைக் கரண்டாக மாற்றுகிற காயில், அதாவது பிக்கப், ஒரு பாதி செத்திருந்தது; கிதாரின் கழுத்தான நெக்கு வில்லாக வளைந்திருந்தது. நாலு கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். அந்த இழுப்பைத் தாங்க நெக்குக்குள் ஓடும் இரும்புத் தண்டின் நட்டில் மரை கழன்றிருந்தது. "மரை கழண்டது நட்டுக்கா, உங்களுக்கா?" என்றார் வீட்டுக்காரம்மா. கேட்டுவிட்டு ஆவாரம்பாளையத்தில் தெரிந்த லேத்துப் பட்டறைக்கு அவரே போனும் போட்டார். பட்டறை அண்ணா அளவெடுத்து, கால் மணி நேரத்தில் புது நட்டு கடைந்து கொடுத்தார். டீக்காசுகூட வாங்கவில்லை.

பிக்கப்புக்கு கணபதியில் மோட்டார் வைண்டிங் அண்ணா. பம்புசெட் காயில் கட்டுகிற கை. பிக்கப் கம்பியோ தலைமுடி அளவு; அந்தச் சின்னக் கட்டையில் ஏறக்குறைய 10,000 சுற்று ஓட வேண்டும். ரிலே காயில் கட்டுகிறவரிடம் சொல்லிக் கம்பி வாங்கினார். முதல் தடவை 3,000-த்தில் அறுந்தது. இரண்டாவது 7,000-த்தில். மூன்றாவது தடவை ஃபேனை அணைத்தார், ரேடியோவை அணைத்தார், கம்பியை இரண்டு விரலில் பஞ்சு மாதிரி பிடித்துக்கொண்டு கவுண்டரையே பார்த்தார். பக்கத்தில் வைத்த டீயில் ஆடை படிந்தது. மீட்டர் 5 கிலோ ஓம் காட்டிய பிறகுதான் மூச்சு விட்டார்.

"எவ்வளவுங்ணா?"

"இதுக்கு நான் எத்தனை ஹெச்பின்னு பில்லு போடறதுங்? நம்மூர் நோம்பிக்கு வந்து வாசிச்சுட்டுப் போங். எனக்குப் பாட்டெல்லாம் தெரியாதுங்."

1951-இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்த லியோ ஃபெண்டருக்கும் கிதார் வாசிக்கத் தெரியாது. ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அண்ணாவிடம் சொன்னேன். "அப்புடீங்களா" என்றார், அவ்வளவுதான்.

கடைசியாக, பவானியில் ஜமுக்காளம் நெய்கிற அக்கா. தறியில் மிஞ்சிய துண்டை நாலு விரல் அகலத்துக்கு மடித்துத் தைத்துக் கொடுத்த பெல்ட்தான் இப்போது என் தோளில். சொரசொரப்பாகச் சட்டையைப் பிடித்துக்கொள்கிறது. கையை எடுத்தாலும் கிதார் தலை கவிழ்வதில்லை.

போன பங்குனியில் அன்னூர்ப் பக்கம் வைண்டிங் அண்ணாவின் ஊர் நோம்பி. மூணு மணி நேரக் கச்சேரி. முடிந்ததும் மேடையேறி வந்தார். ஒன்றும் பேசாமல், கம்பிகளுக்கு அடியில் விரலை விட்டு பிக்கப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"சூடாகலீங்" என்றார்.

இப்படிக்கு,
ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் நிற்கிறவன்,
கோபி