பின் நம்பர் போடுவதற்கு முன்னால் கணக்கைச் சொல்லுங்கள்

கிரெடிட் கார்டு பிரிவின் தலைமை அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டு முன்னறையில் தையல் கடை நடத்துகிறேன். உங்கள் வங்கியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். மற்ற வங்கிகளின் கார்டு வைத்திருக்கும் அக்கம்பக்கத்தாரும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள், ஆகவே பெயர் பெரிய விஷயமும் இல்லை.

'வட்டியில்லாத் தவணை' என்று சொல்லிவிட்டு வட்டி போட்டது பற்றிய என் புகார் உங்கள் கணினியில் இருக்கிறது. நான் போனில் கேட்டதும் "எல்லாம் விதிமுறைப்படிதான் மேடம்" என்று பதில் வந்ததும் அதில் பதிவாகியிருக்கும். அதையெல்லாம் மறுபடி ஒப்பிக்கப் போவதில்லை. அந்த முதல் பில்லைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பள்ளிச் சீருடை ஆர்டருக்காக ஒரு பவர் மெஷினும் ஓவர்லாக் மெஷினும் சேர்த்து 45,000 ரூபாய்க்கு வாங்கினேன். கடையில் இருந்த பையன் விசிட்டிங் கார்டின் பின்பக்கம் 5000 x 9 = 45000 என்று எழுதினான். கீழே 'வட்டி 0' என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டுக் கொடுத்தான். அவன் தலைக்கு மேலே உங்கள் போஸ்டர், 'வட்டியில்லாத் தவணை' என்று கொட்டை எழுத்தில், நல்ல தமிழில். பின் நம்பரைப் போட்டேன். அதற்கப்புறம் ஸ்வைப் மெஷினிலிருந்து ஒரு சீட்டு வந்தது. அது பொடி எழுத்து, ஆங்கிலம். அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

முதல் பில்லில்தான் கணக்கு புரிந்தது. வட்டிக்குச் சமமான 2,859 ரூபாயைத் தள்ளுபடி என்று முதலில் கழித்திருக்கிறீர்கள். மீதி 42,141 ரூபாயைக் கடனாக எழுதி, ஆண்டுக்கு 16 சதவீத வட்டி போட்டு, ஒன்பது மாதத்தில் அதைத் திரும்ப 45,000 ஆக்கியிருக்கிறீர்கள். அதாவது வட்டி உண்டு. முதல் மாத வட்டி 562 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 101 ரூபாய். பிராசஸிங் ஃபீ 199, அதற்கும் ஜி.எஸ்.டி. 36. வட்டி 5,000 தவணைக்குள்ளேயே அடக்கம், ஆக அதற்கு மேல் 336 ரூபாய் கூடுதல். (ரொக்கமாகக் கொடுத்துப் பேரம் பேசியிருந்தால் அந்தத் தள்ளுபடி எனக்கே கிடைத்திருக்குமோ என்னவோ.)

அதே பில்லில் கோடவுன் தெருவில் துணி எடுத்த 8,000 ரூபாயும் இருந்தது. 5,000-மும் 8,000-மும் சேர்த்துக் கடைசித் தேதிக்கு முன்பே கட்டிவிட்டேன். அந்த 336 எதற்கு என்று மட்டும் உங்கள் கஸ்டமர் கேரில் கேட்டேன். "விசாரித்துச் சொல்கிறோம்" என்றார்கள். விசாரணை முடிவதற்குள் கடைசித் தேதி முடிந்துபோனது.

அடுத்த பில்லில், கட்டி முடித்த துணிப் பணத்துக்கும், துணி எடுத்த நாளிலிருந்து கட்டிய நாள்வரை வட்டி, அதற்கும் ஜி.எஸ்.டி. பாக்கி இருக்கிறது என்பதால் புதிதாக வாங்கிய நூல், பட்டனுக்கெல்லாம் வாங்கிய அன்றே வட்டி ஓட ஆரம்பித்திருந்தது. 336 ரூபாய்ப் பாக்கிக்காக நீங்கள் போட்ட தண்டம் கிட்டத்தட்ட 600 ரூபாய். என் கடைக்குக் காஜா எடுத்து பட்டன் கட்ட வரும் அக்காவுக்கு அது இரண்டு நாள் கூலி. அந்த வாரம் அவருக்குப் பாதிதான் கொடுக்க முடிந்தது. மீதியை அடுத்த வாரம் தருகிறேன் என்று வேலை முடிந்து பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவரிடம் சொல்ல வேண்டியதாயிற்று. "இருக்கட்டும், பார்த்துக்கலாம்" என்றார். அவர் என்னிடம் பிராசஸிங் ஃபீ கேட்கவில்லை.

ஐயா, நான் கேட்பது ஒன்றுதான். பின் நம்பர் போடுவதற்கு முன்னால் முழுக் கணக்கையும் தமிழில் காட்டுங்கள்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த கோரிக்கை அல்ல. பூஜ்ய சதவீத வட்டி என்ற ஒன்றே கிடையாது, வட்டியைப் பிராசஸிங் ஃபீ என்ற பெயரில் மறைத்து வாங்குகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை அனுப்பியது. 2022 ஏப்ரலில் வெளியிட்ட கார்டு விதிகளில் இன்னும் தெளிவாகவே எழுதியது. தவணையாக மாற்றுவதற்கு முன்பே அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தள்ளுபடி எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டும், பில்லிலும் தனித்தனியாகக் காட்ட வேண்டும், வட்டி உள்ள தவணையை வட்டியில்லாததுபோல் வேடம் போட்டு விற்கக் கூடாது. நிபந்தனைகளை முடிந்தவரை உள்ளூர் மொழியிலும் தரச் சொல்லியிருக்கிறது. உங்கள் போஸ்டருக்குத் தமிழ் தெரிகிறது, பில்லுக்கு மட்டும் தெரியவில்லை.

சாதாரணக் கடன் வட்டிக்கு ஜி.எஸ்.டி. இல்லை, கார்டு வட்டிக்கு மட்டும் உண்டு. அந்த வரியைப் போட்டது நீங்கள் இல்லை, அரசு என்பது எனக்கும் தெரியும். சொல்லாமல் விட்டது நீங்கள்.

எங்கள் பக்கம் தண்டல்காரர்கள் உண்டு. 10,000 ரூபாய்த் தண்டல் என்றால் 1,000-ஐப் பிடித்துக்கொண்டு கையில் 9,000 தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூல். அநியாயம்தான், சந்தேகமே இல்லை. அதனால்தான் 2003-இல் தமிழ்நாட்டில் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தடைச் சட்டம் வந்தது. ஆனால் கையில் வரப்போவது 9,000தான் என்பதைத் தண்டல்காரர் நேருக்கு நேர் நின்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அந்த ஒரு பழக்கம் மட்டும் ஏன் வரவில்லை? பாக்கி வைத்தால் உங்கள் வட்டி மாதம் 3.75 சதவீதம், ஆண்டுக்கு 45. கார்டுக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னதை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. சட்டம் உங்கள் பக்கம். வாழ்த்துகள்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். மன்னிக்கவும். கார்டே வேண்டாம் என்று சொல்ல நான் எழுதவில்லை. மே மாதம் துணி எடுத்து, ஜூனில் பள்ளி திறந்து பணம் கைக்கு வரும்வரை அந்த நாற்பது சொச்சம் நாள் அவகாசம் எனக்கு உண்மையிலேயே உதவுகிறது. மெஷினும் நன்றாகத்தான் ஓடுகிறது. 45,000-த்துக்கு மேல் மொத்தமாக 750 ரூபாய் ஆகும் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால், சரி என்று தலையாட்டிவிட்டு அதே மெஷினை அதே தவணையில் வாங்கியிருப்பேன். 750 ரூபாயை மறைக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு என்ன வந்தது?

ஆகவே தயவுசெய்து இதைச் செய்யுங்கள். ஸ்வைப் மெஷின் திரையில், பின் நம்பர் கேட்பதற்கு முன்பு, அசல், வட்டி, தள்ளுபடி, ஜி.எஸ்.டி., பிராசஸிங் ஃபீ, கடைசியில் நான் கட்டப்போகும் மொத்தத் தொகை, இவை தமிழில் வரட்டும். திரையில் இடம் போதாது என்றால் சீட்டையாவது முன்னால் அச்சடித்துக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். படித்துப் பார்த்துவிட்டுப் பின் நம்பரைப் போடுகிறோம்.

அதோடு, விளக்கம் கேட்டுக் காத்திருந்த நாட்களுக்காக என்மேல் போட்ட வட்டியை அதன் ஜி.எஸ்.டி.யோடு திருப்பி வரவு வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த 336 ரூபாயைக் கட்டிவிட்டேன், அதைத் திருப்பிக் கேட்கவில்லை. புகார் கொடுத்து 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்று எனக்குத் தெரியும். 14448 என்ற எண்ணையும் குறித்து வைத்திருக்கிறேன். அதுவரை போகவிடாமல் நீங்களே முடித்துக் கொடுத்தால் இருவருக்கும் நல்லது.

பதிலைத் தமிழில் அனுப்பவும்.

இப்படிக்கு,
உங்கள் கார்டு வைத்திருக்கும் தையல்காரி,
பழைய வண்ணாரப்பேட்டை