டயட்டீஷியனை வார்டுக்கு விடுங்கள்

தமிழ்நாட்டு மருத்துவமனைகளின் கண்காணிப்பாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். மருத்துவமனையில் டயட்டீஷியனாக வேலை பார்க்கிறேன். எங்கள் வேலைநேரம் எங்கே போகிறது என்று நீங்கள் பார்க்க வேண்டும்.

காலையில் வந்ததும் வார்டுகளிலிருந்து வரும் டயட் சீட்டுகளைக் கூட்டுகிறோம். உப்பில்லாச் சாப்பாடு எத்தனை, சர்க்கரை டயட் எத்தனை, கஞ்சி எத்தனை என்று சமையலறைக்குச் சொல்ல வேண்டும். அப்புறம் பால் வரவு, ஸ்டோர் இருப்பு, ஒப்பந்தக்காரர் பில். இதெல்லாம் முடிவதற்குள் டாக்டர்களின் ரவுண்ட்ஸ் முடிந்துவிடும். மிஞ்சிய நேரத்தில் அச்சடித்த தாளை நோயாளி கையில் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடுகிறோம். பதிவேட்டில் அதற்குப் பெயர் 'உணவு ஆலோசனை'.

சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸில் இருக்கும் நோயாளிக்கு அந்தத் தாள் எப்படிப் போதும்? குளிர்ச்சி என்று வீட்டார் இளநீர் வாங்கித் தருவார்கள். இளநீரில் உள்ள பொட்டாசியம் வெளியேறாமல் ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். உப்பைக் குறைக்கச் சொன்னோம் என்று, சோடியம் குறைந்த உப்பைத் தேடி வாங்குபவர்களும் உண்டு. அவற்றில் பலவற்றில் சேர்ப்பதே பொட்டாசியம் குளோரைடுதான். பொட்டாசியம் குறைய, காயை நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, வடித்துவிட்டுச் சமைக்க வேண்டும் என்பதை வீட்டில் அடுப்படியில் நிற்பவரிடம் நிதானமாகப் பேசித்தான் புரியவைக்க முடியும்.

பல நாள் சாப்பாடு இறங்காமல் வந்து சேர்பவர் நிலை இன்னும் ஆபத்தானது. ஒரேயடியாக ஊட்டம் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே மோசமாகலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ரத்தப் பரிசோதனையைப் பார்த்து அளவை மாற்ற வேண்டும். ஸ்டோர் ரூமில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்ய முடியாது.

நோயாளியின் ஊட்டத்தைக் கவனிப்பதன் அருமை நம் மாநிலத்துக்குத் தெரியாததல்ல. காசநோய் இறப்புகளைக் குறைக்க 2022-இல் இங்கே தொடங்கிய திட்டத்தில், நோய் உறுதியானதுமே உயரமும் எடையும் பார்த்து, மிகவும் மெலிந்தவர்களை உள்நோயாளியாகச் சேர்க்க வழி செய்தார்கள். எல்லா வார்டுகளிலும் சேர்க்கையன்றே அப்படிப் பார்க்கலாமே.

சமையலறையின் தரத்துக்கு நாங்கள் பொறுப்பேற்கிறோம், அதில் மாற்றமில்லை. ஆனால் வரவு, இருப்பு, பில் மூன்றையும் ஒரு ஸ்டோர் எழுத்தரிடம் கொடுங்கள். காலை ரவுண்ட்ஸில் எங்களையும் சேர்த்து, நாங்கள் சொல்வதைக் கேஸ் ஷீட்டில் ஏற்றுங்கள். டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாளே, வீட்டில் சமைப்பவரை வரச் சொல்லி எங்களிடம் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருத்துவமனை டயட்டீஷியன்