உட்கார்ந்து வாசிப்பவனுக்கு வி வடிவக் கிட்டாரை விற்றது பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
இசைக்கருவி விற்பனைக் கடை,
கோலாலம்பூர்.

வணக்கம்.

சென்ற மாதம் 8ஆம் தேதி உங்கள் கடையில் 1,890 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து, ஆங்கில V எழுத்துப் போல இரண்டு இறக்கை உள்ள வி வடிவ எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று வாங்கினேன். ரசீதின் படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதை மாற்றித் தரச் சொல்லி ஏற்கனவே வாட்ஸ்அப்பில் இரண்டு முறை எழுதிவிட்டேன். முதல் முறை நீல டிக் மட்டும் விழுந்தது, இரண்டாவது முறை "பயன்படுத்திய பொருள், எடுக்க முடியாது பாஸ்" என்று ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கிட்டாரில் பழுது எதுவும் இல்லை. சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது, கம்பியின் சத்தத்தை எடுக்கிற பிக்கப் இரண்டும் சுத்தம், கழுத்து வளையவில்லை. மேல் பிரெட்டுகளுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) கையைக் கொண்டு போக உடம்புக் கட்டை குறுக்கே நிற்பதில்லை, 22ஆம் பிரெட் வரை விரல் தாராளமாகப் போகிறது, அந்த விஷயத்தில் என் பழைய கிட்டார் இதற்குக் கிட்டே வராது. என் புகார் கிட்டாரின் மேல் இல்லை. அதை யாருக்கு விற்றீர்கள் என்பதுதான்.

அன்று உங்கள் கடைத் தம்பியிடம் நான் மூன்று விஷயம் சொன்னேன். ஒன்று, நான் கல்யாண மண்டபங்களில் வாசிக்கிற இசைக்குழுவில் இருக்கிறேன், எங்கள் குழுவில் கிட்டார்காரர் நாற்காலியில் உட்கார்ந்துதான் வாசிப்பார், ஒரு நிகழ்ச்சி நாலு மணி நேரம் ஓடும். இரண்டு, செந்தூலிலிருந்து மோட்டார் சைக்கிளில் போகிறவன், மழை வந்தால் கொமுட்டர் ரயில். மூன்று, என்னிடம் இருக்கிற சாதாரணப் பையும் ஸ்டாண்டும் போதுமா என்று கேட்டேன். தம்பி சிரித்துக்கொண்டே, "அண்ணே, இத ஸ்டேஜ்ல தூக்கினா மண்டபமே திரும்பிப் பாக்கும்ணே, பை நாங்களே ஃப்ரீயா தர்றோம்" என்றார். உயரமான ஸ்டூலில் உட்கார வைத்து, இடது கையால் கழுத்தைத் தாங்கிப் பிடித்தபடி ஐந்து நிமிடம் வாசிக்கச் சொன்னார். தோளில் போடுகிற ஸ்ட்ராப் மாட்டிக் காட்டவே இல்லை. கேட்காதது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ப்ளூஸ் கிட்டார்காரர் ஆல்பர்ட் கிங் கையில் அந்த வடிவத்தைப் பார்த்த நாளிலிருந்து இருபது வருட ஆசை, கண்ணை மறைத்துவிட்டது.

முதல் நிகழ்ச்சி கிள்ளானில். பட்டு வேட்டியில் உட்கார்ந்திருக்கிறேன். சாதாரணக் கிட்டாருக்குக் கீழே ஒரு வளைவு இருக்கும், அது தொடையில் உட்காரும். வி வடிவத்துக்கு அந்த வளைவே கிடையாது, நேராகச் சரிந்த விளிம்புதான். பட்டு வேட்டி மேல் அது எப்படி நிற்கும்? பல்லவி முடிவதற்குள் முழங்காலுக்குப் போய்விட்டது. வலது முழங்கையால் அமுக்கிப் பிடித்து, இடது கையால் கழுத்தைத் தூக்கி, அதற்கு நடுவில் கார்டு (சுரக்கூட்டு) மாற்றி... பக்கத்தில் தபேலா வாசித்தவர் "என்ன மச்சான், மீன் பிடிக்கிறியா" என்று கேட்டார். பிறகுதான் தெரிந்துகொண்டேன், வி-யின் பிளவுக்குள் தொடையைக் கொடுத்து, கிளாசிக்கல் கிட்டார்காரர்கள் போலக் கழுத்தை மேலே நிமிர்த்திப் பிடிக்க வேண்டுமாம். செய்து பார்த்தேன், நழுவுவது குறைகிறது. ஆனால் முப்பது வருடமாகப் பழகிய இடது கை வேறு கோணத்தில் வேலை செய்ய வேண்டியிருக்கிறது, அதைவிட முக்கியம், இதை நீங்கள் கடையில் காட்டியிருக்கலாம்.

சரி, நின்று வாசிக்கலாம் என்றால் அதிலும் வில்லங்கம். ஸ்ட்ராட் என்கிற, இரண்டு கொம்பு வைத்த வழக்கமான வகைக் கிட்டாரில் மேல் கொம்பு ஏறக்குறைய 12ஆம் பிரெட் வரை நீண்டிருக்கும், ஸ்ட்ராப்பை மாட்டுகிற பட்டன் அந்த நுனியில் இருப்பதால் எடை சமமாக நிற்கும். நீங்கள் கொடுத்ததில் கொம்பே இல்லை. முன் பட்டன் கழுத்து சேருகிற இடத்துக்குப் பின்னால் இருக்கிறது, உடம்பும் லேசு. கையை எடுத்தால் தலைப்பக்கம் தரையைப் பார்த்துப் போகிறது. அதனால் நிகழ்ச்சி முழுக்க இடது கை வாசிக்கவும் வேண்டும், சுமக்கவும் வேண்டும். அகலமான, உட்புறம் சொரசொரப்பான தோல் ஸ்ட்ராப் போட்டால் கொஞ்சம் அடங்கும் என்கிறார்கள். பட்டனை இடம் மாற்றலாம் என்று உங்கள் ஆள் போனில் சொன்னார். கட்டையில் புது ஓட்டை போட்ட பிறகு இதை யார் திரும்ப எடுப்பார்கள், நீங்களா?

எனக்குக் கோபம் வந்த இடத்தை இப்போது சொல்கிறேன். இந்த வடிவம் நேற்று வந்ததில்லை. கிப்சன் என்ற அமெரிக்கக் கிட்டார் கம்பெனி பிளையிங் வி என்று இந்த வி வடிவத்தையும், எக்ஸ்புளோரர் என்று ஒரு கோணல் வடிவத்தையும் 1958இல் கொண்டுவந்தது, அப்போது வாங்க ஆளில்லை, முதல் இரண்டு வருடத்தில் பிளையிங் வி நூறுகூடப் போகவில்லை. அந்த முதல் வி-யின் கீழ் விளிம்பில் வரிவரியான ரப்பர் பட்டை ஒன்றை ஒட்டியிருந்தார்கள். எதற்கு? உட்கார்ந்து வாசிக்கும்போது தொடையில் நழுவாமல் இருக்கத்தான். ஆக, நழுவும் என்பது செய்தவர்களுக்கே முதல் நாளிலிருந்து தெரியும். நீங்கள் எனக்கு விற்ற நகலில் அந்தப் பட்டையும் இல்லை, அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. நாற்காலி என்று நான் வாய் திறந்து சொன்ன பிறகும்.

பையைப் பற்றி. நீங்கள் இலவசமாகக் கொடுத்தது சாதாரண வடிவத்துக்கான பை. இரண்டு இறக்கையும் உள்ளே போகவில்லை, ஜிப் பாதியில் நிற்கிறது, கூர்முனை இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. மோட்டாரில் முதுகில் மாட்டினால் பக்கத்தில் வருகிற காரின் கண்ணாடியைத் தட்டும் போல இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் ஒத்திகைக்குச் செந்தூலிலிருந்து கொமுட்டரில் போன அன்று ஒரு பாட்டியின் தோளில் குத்திவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கேஎல் சென்ட்ரல் வரை போனேன். இந்த வடிவத்துக்கென்றே செய்த பெட்டியின் விலையைப் போய்க் கேட்டேன், கிட்டார் விலையில் கால் பங்கு.

ஸ்டாண்டும் அப்படித்தான். அடியில் இரண்டு கை நீட்டிய ஸ்டாண்டில் வி சரியாக உட்காராது, கழுத்தைப் பிடித்துத் தொங்கவிடுகிற வகைதான் சரி. வீட்டில் பழைய ஸ்டாண்டில் வைத்து அது சாய்ந்து ஒரு முனையில் பெயிண்ட் உதிர்ந்துவிட்டது. அதை உங்கள் தலையில் கட்டவில்லை. மல்லாந்து விழுந்திருந்தால் பின்னால் சாய்ந்திருக்கிற ஹெட்ஸ்டாக் (கம்பி முறுக்குகிற தலைப்பகுதி) உடைந்திருக்கும், தப்பித்தது.

ரசீதின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருக்கிறீர்கள். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 33ஆம் பிரிவில், எந்தத் தேவைக்கு என்று வாங்குபவர் சொல்லி வாங்குகிறாரோ அந்தத் தேவைக்குப் பொருள் பொருந்த வேண்டும் என்று இருக்கிறது. ரசீதில் ஒரு வரி அச்சடித்து அதை இல்லாமல் ஆக்க முடியாது.

நான் கேட்பது இதுதான். கிட்டாரை எடுத்துக்கொண்டு, அதே விலைக்குத் தொடையில் உட்காருகிற சாதாரண வடிவத்தில் ஒன்று கொடுங்கள், விலை கூடினால் வித்தியாசத்தை நான் தருகிறேன். உதிர்ந்த பெயிண்டுக்கு நியாயமான தொகையைக் கழித்துக்கொள்ளுங்கள். அது முடியாது என்றால் இந்த வடிவத்துக்கான பெட்டியையும் நல்ல தோல் ஸ்ட்ராப்பையும் உங்கள் செலவில் கொடுங்கள், நான் கிளாசிக்கல்காரர் மாதிரி உட்காரப் பழகிக்கொள்கிறேன். 14 நாளில் பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுப்பேன். கட்டணம் 5 வெள்ளி, வக்கீலும் தேவையில்லை, கிட்டாரை எடுத்துக்கொண்டு போய் அங்கேயே உட்கார்ந்து காட்டுவேன்.

அப்புறம், அந்தத் தம்பியைத் திட்ட வேண்டாம். அடுத்த முறை யாராவது வி, எக்ஸ்புளோரர், நட்சத்திரம் என்று கேட்டு வந்தால் கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றைப் போட்டு உட்கார வைக்கச் சொல்லுங்கள், பிறகு ஸ்ட்ராப் மாட்டி இரண்டு கையையும் விடச் சொல்லுங்கள். எதில் வருகிறீர்கள், எதில் எடுத்துப் போவீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் வேண்டும் என்றால் தாராளமாக விற்கலாம்.

பகலில் வேலையில் இருப்பேன், மாலை ஏழு மணிக்கு மேல் ரசீதில் உள்ள எண்ணுக்கு அழையுங்கள். கிட்டாரை நானே கொண்டுவர வேண்டும் என்றால் மழை இல்லாத நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள், பையின் ஜிப் மூடாது.

இப்படிக்கு,
ரசீதில் பெயர் உள்ள வாடிக்கையாளர்,
செந்தூல், கோலாலம்பூர்.