கல்லா ஓடியதால் பிழைத்த கட்டிடம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிற்றூர்க் கடைவீதிக் கட்டிடங்கள் இடிபடுவதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆதங்கம் நியாயம்தான். ஆனால் பழைய கடைகளை அரசே எடுத்து அருங்காட்சியகம் ஆக்கினால்தான் தப்பும் என்று முடித்திருந்ததில் எனக்கு உடன்பாடில்லை. கடைவீதிக் கட்டிடம் நிற்க வேண்டுமென்றால் உள்ளே கல்லா ஓட வேண்டும். முப்பத்துநான்கு வருடம் வங்கியில் குப்பை கொட்டியவன் என்பதால் இப்படிச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் சரி.

2015-இல் அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டரில் மகன் வீட்டில் இருந்தேன். ஒருநாள் அவன் லீவு போட்டு, "அப்பா, உங்க ஆபீசைக் காட்டுறேன் வாங்க" என்று காரில் ஏற்றினான். மேற்கே முக்கால் மணி நேரம் போனால் ஓவடோனா என்கிற ஊர். அதன் பிரதான வீதி முனையில், பூங்காவைப் பார்த்தபடி ஒரு வங்கி. நேஷனல் ஃபார்மர்ஸ் பேங்க் என்ற பெயரில் 1908-இல் திறந்தது.

சதுரப் பெட்டி மாதிரி கட்டிடம், பக்கத்துக்கு 68 அடி. கீழே செம்மணற்கல், மேலே பல சாயல் செங்கல், மூலைகளில் ஆள் உயரத்துக்கு மேல் பச்சைச் சுடுமண் அலங்காரம். தெருவைப் பார்த்த இரு பக்கமும் 36 அடி அகலத்தில் ஒவ்வொரு வளைவு, அதை அடைத்து வண்ணக் கண்ணாடி. உள்ளே போனதும் வெயில் இளம்பச்சையாக மாறித் தரையில் விழுகிறது. மேலிருந்து நான்கு வார்ப்பிரும்பு விளக்குகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் இரண்டேகால் டன் என்றான் மகன். நான் கொஞ்சம் தள்ளியே நின்றேன்.

அண்ணாந்து பார்த்தால் சுவரில் பசுமாடுகள்! மேய்ச்சல் காட்சி ஒரு பக்கம், அறுவடை இன்னொரு பக்கம், ஆஸ்கர் கிராஸ் தீட்டியவை. நானும் எத்தனையோ கறவை மாட்டுக் கடன் கொடுத்திருக்கிறேன். காதில் இன்சூரன்ஸ் வில்லை இருக்கிறதா என்று பார்த்ததோடு சரி. மாட்டைப் படமாக்கி மேனேஜர் தலைக்கு மேல் மாட்டலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

வங்கி கட்டிய காலத்தில் அந்த ஊர் ஜனத்தொகை ஐயாயிரத்துச் சொச்சம்தான். அவ்வளவு சின்ன ஊருக்கு இப்படி ஒரு கட்டிடம் எப்படி வந்தது? வங்கியின் துணைத் தலைவர் கார்ல் பென்னட்டுக்குச் சங்கீதப் பித்து. 1906-இல் சிகாகோ கட்டிடக் கலைஞர் லூயி சல்லிவன் ஒரு பத்திரிகையில் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு அவருக்கே கடிதம் போட்டார். உயரமான கட்டிடங்களுக்குப் பெயர்பெற்றவர் சல்லிவன், புகழ்பெற்ற அமெரிக்கக் கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டின் குரு. ஆனால் கூட்டாளி ஆட்லர் பிரிந்தபின் வேலை குறைந்து நொடித்துக் கிடந்த நேரம் அது. வந்தார், தங்கினார், வரைந்தார். அலங்காரங்களில் பெரும்பகுதி அவருடைய உதவியாளர் ஜார்ஜ் எல்ம்ஸ்லியின் கை என்கிறார்கள். (கீழே இருப்பவன் வேலைக்கு மேலே இருப்பவர் கையெழுத்து. இது எல்லா ஆபீசிலும் உண்டு.)

வங்கி மட்டும் அல்ல, வாடகைக்கு விடக் கடைகளும் அலுவலக அறைகளும் சேர்த்தே கட்டினார்கள். விவசாயிகள் வந்து உட்கார்ந்து பேச ஓர் அறை, பெண்களுக்குத் தனி அறை. கடன் கேட்க வருகிறவர் நின்று கால் கடுக்கக் கூடாது என்று 1908-இல் ஒருவர் யோசித்திருக்கிறார்.

இதெல்லாம் சுபமாக முடிந்த கதை இல்லை. சல்லிவன் 1909-இல் தன் வீட்டுச் சாமான்களை ஏலத்தில் விட்டார். 1924-இல் சிகாகோவில் வறுமையில் இறந்தார். விளைபொருள் விலை சரிந்ததில் 1926-இல் வங்கியும் மூடப்பட்டது, பென்னட்டும் நொடித்துப் போனார். பிறகு வந்த வங்கி 1940-இல் உள்ளே 'நவீனம்' செய்கிறேன் என்று பழைய கவுண்டர்களைப் பெயர்த்து எறிந்தது. எல்ம்ஸ்லி வடிவமைத்த கேஷியர் கூண்டுக் கம்பி வேலைப்பாடுகளை இன்று அமெரிக்க அருங்காட்சியகங்களில் பார்க்கலாம்.

இதைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பழைய கிளையிலும் தேக்குப் பலகை கவுண்டர் இருந்தது. சில்லறையைக் கொட்டி எண்ணி எண்ணி நடுவில் ஒரு பள்ளம் விழுந்து, காசு தானே வந்து அதில் தங்கும். கம்ப்யூட்டர் வந்தபோது பிளைவுட் போட்டார்கள். பித்தளைக் கூண்டு எடைக்குப் போயிற்று. வவுச்சர் எழுதியவன் நான்தான்.

ஓவடோனாவில் ஒரு வித்தியாசம். 1958-இல் அந்த வங்கியே ஹார்வெல் ஹாமில்டன் ஹாரிஸ் என்ற கட்டிடக் கலைஞரை வைத்துக் கட்டிடத்தைப் புதுப்பித்தது. தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற அந்தஸ்து கிடைத்தது 1976-இல்தான். 1981-இல் 18 சென்ட் தபால்தலையும் வந்தது. அரசு முத்திரை பதினெட்டு வருடம் கழித்து வந்தது என்பதைக் கட்டுரையாளர் கவனிக்க வேண்டும். நான் போன அன்று ஒரு பாட்டி செக் மாற்றிக்கொண்டிருந்தார். மாட்டுப் படத்தை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சரி, நம் பக்கம் வருவோம். கட்டுரையாளர் மன்னார்குடிப் பக்கம் வந்தால், எங்கள் கடைவீதியில் ஒரு நாட்டுமருந்துக் கடை இருக்கிறது. ஷட்டர் கிடையாது, பலகைக் கதவு. பதினோரு பலகை, ஒவ்வொன்றின் முதுகிலும் தமிழ் எண் செதுக்கியிருக்கும். வரிசை தப்பினால் சேராது. காலை எட்டு மணிக்குக் கழற்ற ஆரம்பிப்பார்கள், அதற்குமுன் வந்தால் படம் எடுக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
மன்னார்குடி.